கல்யாண நாளுக்கு இரண்டு ராத்திரி மலையில்: எந்த மாதத்துக்கு எந்த ஊர்

கல்யாண நாளுக்கு எங்காவது மலைக்குப் போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் வரும் முதல் கேள்வி "ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன: உங்கள் கல்யாணம் எந்த மாதத்தில் நடந்தது, உங்கள் வீட்டு வாசலில் கிளம்பி மலையில் ரூம் சாவி கைக்கு வரும் வரை எத்தனை மணி நேரம் ஆகும். தேனிலவு என்றால் தேதியை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம், மழை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போடலாம். கல்யாண நாள் வருடா வருடம் அதே தேதியில் வந்து நிற்கும். அந்தத் தேதியில் எந்த மலை நன்றாக இருக்கிறதோ அங்கே போவதுதான் சரி, ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவு செய்தால் வைகாசிக் கூட்டத்திலோ ஐப்பசி மழையிலோ போய் மாட்டிக்கொள்வோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் நடப்பது தை, பங்குனி, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி என்று சில மாதங்களில்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பவர்கள் குறைவு. அதனால் இந்தக் கணக்கை வானிலையோடு பொருத்திப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை, மொத்தமே நாலைந்து விதம்தான் வரும்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வியாழன் ராத்திரி கிளம்பி திங்கள் விடியற்காலை வீடு திரும்புவதுதான் வேலைக்குப் போகிற தம்பதிகளில் பலருக்குக் கிடைக்கும் அதிகபட்ச அவகாசம். இதில் போக ஒன்பது மணி நேரம், வர ஒன்பது மணி நேரம் என்று காரில் உட்கார்ந்தால், அதிலும் ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்க என்று போனால், இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் மலை என்றால் இரண்டு ராத்திரிக்கு வேண்டாம், அதற்கு மேல் தூரம் என்றால் ராத்திரி ரயில் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் ரயிலில் போகும் நேரம் தூக்கத்தில் கழிந்துவிடும், பயணக் கணக்கில் வராது.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் சென்னைக்காரர்களுக்கு ஏலகிரியும் ஏற்காடும் காரில், நீலகிரியும் கொடைக்கானலும் ரயிலில். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு நீலகிரியும் வால்பாறையும் கைக்கெட்டும் தூரம். மதுரை, திண்டுக்கல், தேனிக்காரர்களுக்குக் கொடைக்கானல், மேகமலை, மூணாறு. திருச்சி, நாமக்கல், கரூர் என்றால் கொல்லிமலையும் ஏற்காடும். உங்கள் ஊருக்கு எட்டும் இரண்டு மூன்று மலைகளை எடுத்துக்கொண்டு அப்புறம் மாதத்தைப் பாருங்கள்.

தையில் கல்யாணம் ஆனவர்கள்

இவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை தமிழ்நாட்டு மலைகள் எல்லாமே நன்றாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து அருவிகளில் தண்ணீர் மிச்சம் இருக்கும், வானம் துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருக்கும், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு கூட்டமும் வடிந்துவிடும். குளிர் மட்டும்தான் கேள்வி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தை மாத விடியற்காலைகளில் உறைபனி விழும், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகவே கிடக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் உண்டு. ஆனால் குளிர் தாங்காத ஒருவர் ஜோடியில் இருந்தால் ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதிலேயே பொழுது போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு 1,850 மீட்டர் வாக்கில் இருக்கும் குன்னூர் நல்ல நடுத்தரம். ஸ்வெட்டர் போட்டால் சமாளித்துவிடலாம், பகலில் வெயில் இதமாக இருக்கும்.

நீலகிரியைப் பற்றி இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் தேர்வு அதுதான், ஆனால் ஊட்டி இல்லை. இரண்டு ராத்திரிக்கு ஊட்டியில் தங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. ஊட்டி இப்போது ஒரு நகரம். சேரிங் கிராஸிலும் படகு இல்லத்துக்குப் போகும் சாலையிலும் நம் ஊரில் விட்டுவிட்டு வந்த அதே ஹாரன் சத்தம்தான். 1848-ல் உருவாக்கிய தாவரவியல் பூங்கா அழகுதான், 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவிலிருந்து பார்க்கும் காட்சியும் அழகுதான், ஆனால் இவை குன்னூரில் தங்கிக்கொண்டே ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. குன்னூரில் தங்கினால் காலையில் ஜன்னலைத் திறந்ததும் தேயிலைத் தோட்டம், நடந்து போனால் சிம்ஸ் பூங்கா, கொஞ்சம் தள்ளிப் போனால் லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் காட்சி முனைகள், எதிரே தூரத்தில் கேத்தரின் அருவி. கோத்தகிரி இன்னும் அமைதி. அங்கே பார்ப்பதற்கென்று வரிசையாக எதுவும் இல்லை, கோடநாடு காட்சி முனை ஒன்று, தேயிலைத் தோட்டத்துச் சாலைகள், அவ்வளவுதான். ஆனால் கல்யாணமாகிப் பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை விட, யாரும் கூப்பிடாத ஒரு மதியம்தான் அரிய பொருள். அது கோத்தகிரியில் தாராளமாகக் கிடைக்கும்.

அப்புறம் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-லேயே ஓட ஆரம்பித்து 1908-ல் ஊட்டியைத் தொட்டது, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். இங்கே நான் உறுதியாகச் சொல்வது ஒன்று: மேலே போகும்போது குன்னூரில் இறங்கிவிடுங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரைதான் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை இருக்கிறது, நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதும் அந்தப் பகுதியில்தான், காடும் பள்ளத்தாக்கும் அருவியும் கொட்டிக் கிடப்பதும் அங்கேதான். குன்னூருக்கு அப்புறம் டீசல் இன்ஜின் மாட்டிக்கொண்டு ஊருக்குள்ளும் யூகலிப்டஸ் தோப்புக்குள்ளும் போகும் மிச்சப் பாதை மோசமில்லை, ஆனால் அதற்குள் சிறிய இருக்கையில் கால் மடக்கி உட்கார்ந்து இடுப்பு வலிக்க ஆரம்பித்திருக்கும். பத்தரை வாக்கில் குன்னூரில் இறங்கினால் ரூமுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, ஒரு முழு மதியமும் சாயங்காலமும் உங்கள் கையில் இருக்கும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், இந்த ரயிலைப் பிடிக்க அது போதும்.

திரும்பும்போது ரயில் வேண்டாம். மதியம் ஊட்டியில் கிளம்பும் வண்டி சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் மேட்டுப்பாளையம் வருகிறது, ஒரு பாதி நாள் அதிலேயே போய்விடும். கோத்தகிரி வழியாகக் காரிலோ பஸ்ஸிலோ இறங்கிவிடுங்கள், அந்தப் பாதை குன்னூரிலிருந்து நேரே இறங்கும் பர்லியாறு வழியை விடக் கொஞ்சம் சாதுவானது.

வளைவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலை ரயிலில் இன்னொரு லாபம் உண்டு. என் கணவருக்கு மலைப்பாதையில் கார் ஏறினாலே குமட்டும், நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே முகம் வெளிறிவிடும். ரயில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து ஏறுவதால் அவருக்கு எதுவும் செய்வதில்லை. வாந்தி எடுத்துக் களைத்துப்போய் வந்து சேரும் ஒருவரோடு முதல் நாள் சாயங்காலத்தை எப்படிக் கொண்டாடுவது? இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் மலையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பேரில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால் வளைவுகளின் எண்ணிக்கையை நிச்சயம் பாருங்கள். ஏலகிரிக்கு 14, மேகமலைக்கு 18, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70.

பங்குனி

மார்ச் நடுவில் வெயில் ஏற ஆரம்பித்துவிடும். அருவிகள் வற்றிக் கிடக்கும். காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம் என்பதால் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடுவது வழக்கம், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் முணுமுணுக்கக் கூடாது. மூணாறு பக்கம் போக நினைத்தால் இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடப்பட்டிருக்கும், வரையாடு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏமாற்றம்தான். ஆக, பங்குனித் தம்பதிகளுக்கு எது? நான் ஏற்காடு என்பேன்.

ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்று சொல்லிச் சொல்லியே அதைச் சிறுமைப்படுத்திவிட்டோம். ஊட்டியோடு ஒப்பிடாமல் அதை அதுவாகப் பார்த்தால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில், ஒரு மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய ஒரு காபிக்காடு அது. பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடிகள் மொத்தமாகப் பூக்கும், கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாக, மல்லிகை போன்ற வாசனையோடு. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அது உங்கள் தேதிக்கு அமைந்துவிட்டால் அந்த வருடம் வேறு எந்த மலையும் அதற்கு ஈடாகாது. அமையாவிட்டாலும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் எஸ்டேட் பாதைகளில் நடக்கலாம், பகோடா பாயிண்டில் போய் உட்காரலாம், சேர்வராயன் கோயில் வரை போய் வரலாம், அவ்வளவுதான் ஊரே. ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டமும் கடைகளும்தான் இருக்கும். இரண்டு ராத்திரிகூடக் கிடைக்காது, ஒன்றரை நாள்தான் என்பவர்களுக்கு எந்த மாதமானாலும் ஏற்காடுதான். போக்குவரத்துக்கு நேரம் மிகக் குறைவு.

ஏலகிரியும் இதே கணக்கில் வரும். உயரம் 1,100 மீட்டர் வாக்கில்தான், பங்குனியில் மதியம் வெயில் உறைக்கும், குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சீக்கிரம் போய்விடலாம் என்பது அதன் பெரிய பலம்.

வைகாசியும் ஆனியும்

வைகாசியில் கல்யாணம் ஆனவர்கள்தான் உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியவர்கள். மே மாதம் என்றால் பள்ளி விடுமுறை, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மலர்க் கண்காட்சி, தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலமும் மலையில்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்களில் போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே மலைப்பாதையில் ஏறுகின்றன என்று. சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவதும் வழக்கம். ரூம் வாடகை ஏறியிருக்கும், ஒரு காபிக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

வைகாசித் தம்பதிகளுக்கு நான் சொல்லும் வழி இரண்டு. ஒன்று, பள்ளி திறந்த பிறகு ஜூன் இரண்டாம் வாரத்தில் போவது. தேதி சில நாள் தள்ளிப் போகும், போகட்டும். கல்யாண நாளன்று வீட்டிலேயே பாயசம் வைத்து, கோயிலுக்குப் போய்விட்டு, மலைக்கு அடுத்த வாரம் செவ்வாய், புதன் என்று போங்கள். ஒரே ஊர், ஒரே ரூம், ஆனால் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இடையே வாடகையிலும் அமைதியிலும் இருக்கும் வித்தியாசம் சில சமயம் ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் இடையே இருப்பதை விடப் பெரிது. இரண்டு, அதே தேதிதான் வேண்டும் என்றால் மேகமலை. தேனி மாவட்டத்தில் சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை, சுமார் 1,500 மீட்டர், தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும், தங்குமிடங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அங்கே செல்போன் சிக்னலை நம்ப முடியாது, வனத்துறை செக்போஸ்ட் சாயங்காலத்துக்கு மேல் யாரையும் விடாது, கடை கண்ணி என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்கூட்டியே ரூம் உறுதி செய்யாமல் போனால் இறங்கித்தான் வர வேண்டும்.

ஆனி பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் அடித்து ஊற்ற ஆரம்பிக்கும். வால்பாறையும், நீலகிரியில் கூடலூர், அவலாஞ்சி பக்கமும் அப்போது வேண்டாம். வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. ஆனால் அதே சமயம் மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மழை அவ்வளவு இருக்காது, மேகமும் தூறலும் காற்றும்தான். ஆனி, ஆவணி இரண்டுக்கும் அந்தப் பக்கமே நல்லது.

ஆவணியில் கொடைக்கானல்

ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. கொடைக்கானலுக்கு இது நல்ல காலம் என்பது என் கருத்து. கோடைக் கூட்டம் போய்விட்டது, பெரிய மழை இன்னும் வரவில்லை, மேகம் மட்டும் ஊருக்குள் வந்து வந்து போகும். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் குளிர் உண்டு, ஆனால் தை மாத ஊட்டி அளவுக்கு இல்லை. வந்து சேர்வதில்தான் ஒரு சின்னக் கஷ்டம். கொடைக்கானல் ரோடு என்று ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே தவிர அங்கிருந்து ஊர் 80 கிலோமீட்டர் வாக்கில் மேலே. சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடிவதற்கு முன்பே இறங்கிவிடலாம், கார் சொல்லி வைத்தால் எட்டு மணிக்குள் மேலே போய்விடலாம், ஆனால் அந்த நேரத்தில் ரூம் கொடுப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மதியம் பன்னிரண்டுக்கு மேல்தான் செக்-இன். ராத்திரி ரயில் களைப்போடு லாபியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது கொண்டாட்டத்துக்கு அழகில்லை.

ஊட்டி விஷயத்தில் சொன்ன அதே யோசனை இங்கேயும். ஏரிக்கரையிலும் ஏழு ரோடு பக்கத்திலும் தங்கினால் கூட்டத்தின் நடுவில் தங்குகிறீர்கள். ஏரி நல்ல ஏரிதான், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் அமைத்தது, சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். காலை ஆறரை மணிக்கு இரட்டை சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றினால் அதை விடச் சந்தோஷமான ஒரு மணி நேரம் அந்த ஊரில் கிடைக்காது, அதையே பதினோரு மணிக்குச் செய்தால் குதிரைக்கும் வேனுக்கும் வழி விட்டே கால் ஓய்ந்துவிடும். கோக்கர்ஸ் வாக்கும் தூண் பாறையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டியவை, மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிட்டால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

தங்குவதற்கு நான் சொல்வது பூம்பாறை, மன்னவனூர் பக்கம். பூம்பாறை, கொடைக்கானல் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் வாக்கில்; படிப்படியான வயல்கள், மலைப்பூண்டு, குழந்தை வேலப்பர் கோயில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு வாங்கி வர அதை விட நல்ல பொருள் இல்லை. இன்னும் மேலே போனால் மன்னவனூரில் புல்வெளி, ஆட்டுப் பண்ணை, ஏரி. இங்கெல்லாம் ஹோம்ஸ்டேகள்தான் அதிகம், வசதிகள் சுமார், ஆனால் ராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெரியும். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், தினமும் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் இல்லை. எனவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், கிடைத்தால் போங்கள். குறிஞ்சிப் பூ கேட்பவர்களுக்கு: பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூப்பது, 2018-ல் பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030-ல். அந்த வருடம் ஆவணியில் கல்யாண நாள் வருபவர்கள் இப்போதே மனதில் குறித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. இப்போது கணக்கு தலைகீழாகிவிடும்: ஆனியிலும் ஆவணியிலும் பாதுகாப்பாக இருந்த கிழக்குச் சரிவுகள்தான் இப்போது மழையை வாங்கும். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் மண் சரிவு, மலை ரயில் ரத்து, கொடைக்கானல் மலைப்பாதையில் மரம் விழுந்தது என்ற செய்திகள் எல்லாம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும். மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் ரத்து என்று மெசேஜ் வந்தால் முழுத் திட்டமும் சரிந்துவிடும்.

இந்த மாதக்காரர்களுக்கு வால்பாறை. மழை அங்கேயும் உண்டு, ஆனால் தென்மேற்கின் வெறி அடங்கியிருக்கும், காடு முழுக்கப் பச்சை பிடித்திருக்கும், ஓடைகளில் எல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனையில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணை கீழே கிடக்கும். வளைவுகளின் ஓரத்துப் பாறைகளில் வரையாடுகள் நிற்பது அடிக்கடி காணக் கிடைப்பது. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும், தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். வால்பாறையில் படகு சவாரி, பூங்கா, ஷாப்பிங் என்று தேடினால் பாதி நாளில் அலுத்துவிடும். ஆனைமலைக் காட்டின் நடுவே வெட்டி உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் அது, ஒரு எஸ்டேட் பங்களாவின் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரே மேகம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த ஊர் சரிப்படும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இருட்டிய பிறகு அங்கே தேயிலைத் தோட்டத்துக்குள் இரண்டு பேரும் கைகோத்து நடக்கப் போகாதீர்கள். சிறுத்தையும் யானையும் நிஜமாகவே நடமாடும் இடம். யானைகள் எங்கே நிற்கின்றன என்று தோட்டத் தொழிலாளர்களுக்குச் செல்போன் செய்தி அனுப்பவும், பாதை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிய வைக்கவும் ஓர் ஏற்பாடே அங்கே இருக்கிறது. தங்குமிடத்துக்காரர் ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் கேட்கிறார்கள், வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொல்லிமலையை இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுபது வளைவு ஏறிப் போய், ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, நனைந்த துணியோடு அதே படிகளை ஏறி வர வேண்டும். முட்டி நன்றாக இருக்கும் இளம் ஜோடிகளுக்கு, அதுவும் பைக்கில் போகப் பிடித்தவர்களுக்கு, மழை ஓய்ந்த தை மாதத்தில் அது அருமையான இடம். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டின் தலையிலேயே நின்று கொள்ளலாம்.

ரூமும் பிள்ளைகளும்

ஊர் முடிவான பிறகு ரூமுக்கு அலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள், படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். "வேலி வியூ" (பள்ளத்தாக்கு தெரியும்) என்று போட்டிருக்கும் ரூமில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிவது எங்களுக்கே நடந்திருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, கார் ரூம் வரை வருமா அல்லது கடைசித் தூரத்துக்கு ஜீப் எடுக்க வேண்டுமா, ராத்திரிச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா. இவ்வளவு கேட்டால் போதும். கேக், பலூன், ரோஜா இதழ் தூவிய கட்டில் என்று "ஆனிவர்சரி பேக்கேஜ்" சொல்வார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு படி மேலான ரூம், முடிந்தால் தனி வராந்தா உள்ள ரூம் கேட்டுப் பாருங்கள். பலூன் ஒரு மணி நேரம்தான், வராந்தா இரண்டு நாளும் இருக்கும். ஒரு எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, கொடைக்கானலிலும் கெடுபிடி உண்டு.

பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் சிக்னலையும் திரும்பி வரும் நேரத்தையும் இன்னும் அழுத்தமாகப் பார்க்க வேண்டும். பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தால், மேகமலையில் அந்த அழைப்பே வந்து சேராது, வால்பாறையிலிருந்து ராத்திரியில் காட்டு வழியே இறங்குவதும் சரியில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஏற்காடோ குன்னூரோதான் மனதுக்கு நிம்மதி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் மேகமலைக்குத் தைரியமாகப் போகலாம், இரண்டு நாள் யாரும் கூப்பிட முடியாது என்பதே அப்போது ஒரு வசதி.

எங்களுக்குத் தை. அதனால் மேலே சொன்ன தொல்லைகள் எதுவும் இல்லாமல் மலை ரயில், குன்னூரில் முதல் ராத்திரி, கோத்தகிரியில் இரண்டாவது என்று போவதுதான் எனக்குப் பிடித்த திட்டம். கல்யாண நாள் எப்போது வரும் என்று ஒரு வருடம் முன்பே தெரியும் என்பதுதான் இதில் நமக்கு இருக்கும் ஒரே சாதகம், அதைப் பயன்படுத்துங்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மலை ரயிலில் இருக்கைகள் குறைவு, முதல் வகுப்பு இன்னும் குறைவு. காலண்டரில் அந்த அறுபதாவது நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் குன்னூர் டிக்கெட் கையில் வந்த பிறகு ரூமுக்கு முன்பணம் கட்டினால் போதும்.